பெட்டி வேறு, கடிகாரம் வேறு

ஃபால்மத் துறைமுகத்தில் லவ்டே ட்ரெகென்சாவிடம் பொய் சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு. லவ்டே பொய் சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. ஏலக்கடையில் பழம்பொருள்களுக்கு விலை மதிப்பிடுவது அவள் வேலை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நகர மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவாள். வீட்டில் கிடப்பதை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வந்து காட்டலாம், கட்டணம் கிடையாது.

பாதிரியார் கொண்டுவந்த தேநீர்க் கெண்டியைத் திருப்பிப் பார்த்து, "இது வெள்ளி இல்லீங்க ஃபாதர், முலாம். அதுவும் போயிட்டிருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவள் அவள். சொந்த அக்கா மோர்வென்னா சட்டையில் குத்திக்கொள்ளும் ப்ரூச்சின் கல்லை "கண்ணாடி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அக்கா ஈஸ்டர் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமையே மாமியாரின் மோதிரத்தை எடுத்துக்கொண்டு அதே வரிசையில் வந்து நின்றாள். லவ்டே பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்று ஊருக்கே தெரியும்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அது அவள் வீட்டுச் சமையலறை அலமாரியிலேயே இருந்தது.

கல்யாணமான முதல் வருடம், அவள் கணவன் டென்சில் தன் பாய்மரப் படகை விற்று அவளுக்கு ஒரு டெக் வாட்ச் வாங்கிவந்தான். கப்பலின் பெரிய கடிகாரம் கீழ் அறையை விட்டு அசையாது. அதோடு ஒத்துப் பார்த்து மேல்தளத்துக்கு எடுத்துப்போய், சூரியனின் உயரத்தை அளக்கும்போது நேரம் பார்ப்பதற்குத்தான் டெக் வாட்ச். உள்ளங்கை நிறைய இருக்கும், மரப்பெட்டிக்குள் படுத்திருக்கும். முதல் உலகப் போரில் ஒரு போர்க்கப்பலோடு போய்வந்தது என்று பிளிமத்தில் விற்றவன் கதை அளந்திருந்தான்.

டென்சில் பெட்டியைத் திறந்து நீட்ட, கடிகாரத்தை எடுத்துப் புரட்டிய மாத்திரத்திலேயே லவ்டேவுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியின் மூடியில் பதித்த தகட்டில் ஓர் எண். கடிகாரத்தின் முதுகில், கடற்படையின் அம்புக்குறிக்குக் கீழே, வேறோர் எண். பெட்டி முதல் போர்க் காலத்துப் பெட்டிதான். கடிகாரமோ இரண்டாம் போருக்குச் சற்று முன்னால் சுவிட்சர்லாந்தில் செய்தது. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் ஒன்றுசேர்த்து, உள்ளே ஆடாமல் இருக்கப் பச்சைக் கம்பளித் துணியை மடித்துத் திணித்திருந்தான். டென்சில் கொடுத்த பணத்தில் பாதிகூடப் பெறாது.

அவன் முகத்தைப் பார்த்தாள். உயிருக்கு உயிரான படகு கைவிட்டுப் போன வருத்தம் கொஞ்சமும் இல்லாமல் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"எப்படி இருக்கு?" என்றான்.

"அழகா இருக்கு" என்றாள். அது பொய்யில்லை.

"பின்மூடியத் தெறந்து உள்ள பாரேன். நீதான் எல்லாத்தையும் கொடைஞ்சு பாப்பியே."

"பரிசா வந்ததைக் கொடையக் கூடாது. விடு."

விட்டவள்தான். முப்பது வருடமாக அந்தப் பின்மூடியைத் தொடவில்லை. தினமும் காலையில் டென்சில்தான் சாவி கொடுப்பான். வானொலியில் மணியொலி வரும்போது கடிகாரத்தை ஒத்துப் பார்த்து, "இன்னைக்கு நாலு செகண்டு வேகம்" என்று அறிவிப்பான். முள்ளைத் திருப்பிச் சரிசெய்ய மாட்டான். ஒருமுறை லவ்டே கேட்டதற்கு, "கப்பல்காரன் முள்ளத் தொட மாட்டான். எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சா போதும்" என்றான். அப்புறம் குங்குமப்பூ ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டு, அக்கரைக்குப் போகும் பயணிப் படகை ஓட்டக் கிளம்பிவிடுவான். நல்ல வாழ்க்கைதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தக் கடிகாரத்தைத் துடைக்கும்போது மட்டும் லவ்டேவின் நெஞ்சில் ஏதோ நெருடும்.

அவள் ஓய்வுபெறும் மாதம் வந்தது. கடைசி வியாழக்கிழமை. வெளியே சாரல் அடித்ததால் மண்டபத்தில் நனைந்த கம்பளி வாசனை. ரொட்டிக்கடைக்கார நான்காரோ அம்மாள் தன் பாரோமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வருடம் லவ்டே சொன்ன விலையில் அவளுக்கு இன்னும் திருப்தி வரவில்லை.

"அடுத்தது யாரு?" என்று நிமிர்ந்தாள் லவ்டே.

தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றிய பெட்டியோடு எதிரே வந்து உட்கார்ந்தவன் டென்சில்.

"உனக்கு வேற வேலை இல்லையா?" என்று பல்லைக் கடித்தாள்.

"வரிசையில நின்னு வந்திருக்கேன் மேடம். மரியாதையாப் பேசுங்க."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. டென்சில் பெட்டியைப் பிரித்து அவள் முன்னால் நகர்த்தினான். "இன்ஷூரன்ஸ்காரங்க எழுதிக் கேக்குறாங்க. எந்தக் காலத்துது, என்ன பெறும்னு சொல்லுங்க."

லவ்டே பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எதையாவது சொல்லி மழுப்பிவிடலாம். ஆனால் இத்தனை வருடம் இந்த மேசையில் யாருக்கும் மழுப்பியதில்லை. உண்மையைச் சொன்னாலோ, படகை விற்று ஏமாந்த கதை நாளைக்கு அவன் படகில் ஏறும் அத்தனை பேர் வாயிலும் கிடந்து உருளும்.

பின்னாலிருந்து நான்காரோ அம்மாள் குரல் கொடுத்தாள். "அழகா இருக்குன்னு சொல்லித் தப்பிச்சுடாத, லவ்டே. என் பாரோமீட்டருக்கு நீ சொன்னது எனக்கு மறக்கல."

லவ்டே கடிகாரத்தை எடுத்துப் புரட்டினாள். அவன் கண்ணைப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்தே சொன்னாள்.

"பெட்டி மொதப் போர்க் காலத்துதுங்க. கடிகாரம் அதுக்கு இருபது வருஷம் சின்னது. ரெண்டும் ஒண்ணா பொறக்கல. நம்பரைப் பாருங்க, ஒத்து வரல. போர்க்கப்பல் கதையெல்லாம் வித்தவன் கட்டிவிட்டது. கடிகாரம் நல்ல கடிகாரம். ஆனா நீங்க குடுத்த வெலை... ரொம்ப ஜாஸ்தி."

யாரும் சிரிக்கவில்லை. டென்சிலின் முகத்திலும் மாற்றம் இல்லை. "சரிங்க மேடம். பின்மூடியத் தெறக்கவே இல்லையே? பாதி வேலையில விடுறது உங்க வழக்கம் இல்லைன்னு சொன்னாங்க."

மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்தாள். கடிகாரம் பழுதுபார்க்கிறவர்கள் ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் மூடியின் உட்புறத்தில் ஊசியால் தங்கள் குறியையும் தேதியையும் கீறிவைப்பார்கள். அதைப் படித்துக் காலம் சொல்வது அவளுக்கு அன்றாட வேலை. மேலே கடற்படை ஆட்களின் பழைய கீறல்கள். அவற்றுக்குக் கீழே, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பொடிக் கையெழுத்தில், பென்ரின் ஊர் ஜாகோ ரோஸ்வேரின் குறி. முதல் தேதி அவர்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம். பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை, தவறாமல். கடைசித் தேதி போன மாதம்.

லவ்டேவின் முகம் சிவந்தது. எண்ணெய் மாற்றாமல் எந்தக் கடிகாரமும் பத்து வருடம்கூடத் தாங்காது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், தன் வீட்டுக் கடிகாரம் எப்படி இத்தனை காலம் ஓடுகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை! ஜாகோவோ, ஒரு கடிகாரத்தின் குறைகளை ஒன்றுவிடாமல் ஒப்பிக்காமல் திருப்பிக் கொடுக்கிற ஆளில்லை.

"ஜாகோ சொல்லிட்டானா?" என்றாள் மெல்ல.

"மொதத் தடவையே. பெட்டி வேற கடிகாரம் வேறடா, ஒன் பொண்டாட்டி பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருப்பான்னு சொன்னான்."

"தெரிஞ்சுமா தெனம் சாவி குடுத்த?"

"நல்லாத்தானே ஓடுது."

"அப்ப இன்னைக்கு எதுக்கு இத்தனை பேர் முன்னால இதைத் தூக்கிட்டு வந்த?"

டென்சில் தொப்பியைக் கையில் சுற்றினான். இப்போது மேடம் இல்லை, விளையாட்டும் இல்லை.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் உண்மையச் சொன்ன, லவ்டே. ஒங்க அக்காவுக்குச் சொன்ன, பாதிரியாருக்குச் சொன்ன. எனக்கு மட்டும் சொல்லல. நான் ஒடஞ்சு போயிருவேன்னு நெனச்ச. பாசந்தான், தெரியாமயா இருக்கு? இருந்தாலும், என்னை மட்டும் வெளிய நிக்க வச்ச மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு விட்டா இந்த மேசை கெடையாதே."

லவ்டேவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெட்டியிலிருந்த பச்சைத் துணியையே எடுத்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு மதிப்பீட்டுச் சீட்டை இழுத்து, பெட்டியின் காலம், கடிகாரத்தின் காலம், இரண்டும் வெவ்வேறு என்ற குறிப்பு எல்லாவற்றையும் எழுதி, அடியில் விலையைப் போட்டு நீட்டினாள்.

அவன் படித்துப் பார்த்தான். "இவ்வளவுதானா? வீட்டுக்காரன்னு கொஞ்சம் ஏத்திப் போடக் கூடாதா?"

"ஒரு பவுண்டுகூட ஏத்த மாட்டேன்."

"ரொம்ப நன்றி மேடம்" என்றான் டென்சில், படகை விற்றுவிட்டு வந்த அன்று நின்றதுபோலவே வாயெல்லாம் பல்லாக.