மாப்பிள்ளைக்குப் பென்ஷன் உண்டா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம் நடந்தது இது. பாளையங்கோட்டையில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. வீட்டுக்காரர் சரக்கு எடுக்கப் போய்விடுவார். கல்லாவில் பெரும்பாலும் நான்தான் இருப்பேன். கடையில் சாமான் மட்டுமா விற்கும்? ஊர்ப் பேச்சு அத்தனையும் எங்கள் தராசுக்கு முன்னால்தான் நடக்கும்.

அந்தச் சமயம் அரசாங்க ஊழியர்களும் வாத்தியார்களும் பென்ஷன் கேட்டு ஸ்டிரைக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டாவுக்கு அலைந்தவர் ஒரு பாட்டம் ஏசுவார். பள்ளிக்கூடத்து வாசல்வரை போய்ப் பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வந்த அம்மா ஒரு பாட்டம் ஏசுவாள். எல்லாரையும் விட என் சத்தம்தான் பெரிசு. "எங்களுக்கு எவன் பென்ஷன் குடுக்கான்? முட்டி தேயுத வரைக்கும் இந்த ஸ்டூல்லதான் இருக்கணும். இவுக மாத்திரம் உக்காந்து திங்கணுமாக்கும்?" என்பேன். மனதாரச் சொன்னதுதான். இன்றைக்கும் அதில் பாதி எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அப்படி ஏசிக்கொண்டிருந்த ஒரு நாள், வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு, நான் சொன்னதற்கெல்லாம் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டுப் போனார். நல்ல விவரமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வாரம்தான் என் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை ஆழ்வார்குறிச்சிப் பக்கம் அரசுப் பள்ளிக்கூட வாத்தியார். தரகர் சொல்லி முடிப்பதற்குள் நானும் வீட்டுக்காரரும் ஒரே வாயாகக் கேட்ட முதல் கேள்வி, "பென்ஷன் உண்டுல்லா?" என்பதுதான். தரகர் சிரித்தார். "கவர்மெண்டு உத்தியோகம் அண்ணாச்சி. கடைசி வரைக்கும் கவலையே கெடையாது" என்றார். உண்டு என்று அவர் வாயால் சொல்லவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால், பையனைப் பற்றி அவன் ஊருக்கே போய் விசாரிப்பார்கள். பெண்ணின் தாய்மாமன்தான் போவார். யாருக்காகக் கேட்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல், டீக்கடையிலும் சலூனிலும் உட்கார்ந்து பைய வாயைக் கிளறிவிட்டு வரவேண்டும். என் தம்பிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. முந்தின வரனுக்கு இவன்தான் விசாரிக்கப் போனான். ஒரு வீட்டில் பாயசத்தோடு சாப்பாடு போட்டார்களாம். "தங்கமான பிள்ளை அக்கா" என்று வந்து சொன்னான். அது பையனின் சித்தப்பா வீடு என்று பிறகுதான் தெரிந்தது. நிச்சயதார்த்தத்தன்று அந்தத் தங்கம் தள்ளாடிக்கொண்டே காரிலிருந்து இறங்கியது. அன்றோடு எல்லாம் நின்றுபோனது. தனியார் ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிற என் மகள், அதற்குப் பிறகு எந்த வரனையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்த வாத்தியார் போட்டோவை மட்டும் போனில் அழிக்காமல் வைத்திருந்தாள். அதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் வந்தது. இன்னொரு தடவை அவள் உடைந்துபோனால் நான் தாங்க மாட்டேன்.

அதனால் இந்தத் தடவை தம்பியோடு நானும் கிளம்பினேன். பாசஞ்சர் ரயிலில் போய் ஆழ்வார்குறிச்சியில் இறங்கினோம். பள்ளிக்கூடம் பக்கத்து டீக்கடையில், "சொந்தக்காரப் பிள்ளைக்கு ட்யூஷன் சேக்கணும்" என்று சொல்லி மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டோம். டீக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "சாரா? பள்ளிக்கூடத்தப் பூட்டிப் போட்டுட்டு அம்பையில தாலுகா ஆபீஸ் முன்னால பந்தல் போட்டு உக்காந்திருக்காங்க. அங்கன போயி கேளுங்க" என்றார். நான் தினமும் ஏசுகிற கூட்டத்தில் ஒருவர் எனக்கு மருமகனா?

அம்பை என்கிற அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினோம். ஷாமியானா போட்டு, மைக்கில் யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பெண்களும் ஆண்களுமாக நல்ல கூட்டம். எனக்கு எல்லா முகத்தின் மேலும் சந்தேகம். சிரித்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால், பொழுதுபோக்க வந்தவர்கள் என்று தோன்றியது. சிரிக்காதவர்களைப் பார்த்தால், டிவிக்காரனுக்காக நடிக்கிறார்கள் என்று தோன்றியது. போட்டோவில் மாப்பிள்ளை நல்ல சிவப்பு, படிய வாரிய தலை. அப்படி ஒரு முகத்தை நானும் தேடு தேடென்று தேடினேன்; கிடைக்கவில்லை.

வெயிலில் நின்ற என்னைப் பார்த்து, ஓரத்தில் இருந்தவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். தலையில் துண்டு, கண்ணாடி, ஒரு வாரத்துத் தாடி. இவர் எதற்காக எனக்கு நாற்காலி கொடுக்கிறார் என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனாலும் கால் வலித்ததால் உட்கார்ந்துவிட்டேன். அப்படியே அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, "அந்த சாரத் தெரியுமா? ட்யூஷன் விஷயமாக் கேக்கேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "தெரியுமே" என்றார்.

"ஆளு எப்படி? குடிப்பாரா?"

ட்யூஷனுக்கு யாராவது இதைக் கேட்பார்களா? தம்பி என் முழங்கையை இடித்தான். நான் கண்டுகொள்ளவில்லை.

"டீதான் கூடுதலாக் குடிப்பான்" என்றார் அவர்.

"கோவம் வருமா?"

"வரும்மா. வீட்டுல அம்மாகிட்டதான் சத்தம் போடுவான். பெறகு அவுகளே சாப்பிடக் கூப்பிடட்டும்னு வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்படி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிற ஆள் கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று நினைத்து, முக்கியமான கேள்வியைப் போட்டேன். "ரிட்டயர் ஆனா நல்ல பென்ஷன் வருமாக்கும்?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அது இல்லன்னுதானம்மா இங்கன உக்காந்திருக்கோம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பென்ஷன் இருக்கிறது, இன்னும் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன். கடையில் ஏசியவர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவர் பொறுமையாகச் சொன்னார். பழைய ஆட்களுக்கு மாசாமாசம் பென்ஷன் உண்டாம். 2003-க்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாதாம். சம்பளத்தில் பிடித்து வைத்து, கடைசியில் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். "அந்த சாரும் பெறகு சேந்தவன்தான். அவனுக்கும் கெடையாது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தரகர் ஏமாற்றிவிட்டார்! அந்தச் சிரிப்பும் 'கவலையே கெடையாது' என்ற பேச்சும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "கெளம்புலே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். அந்த நேரம் பந்தலுக்குள்ளிருந்து யாரோ மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, "சார், அடுத்து நீங்க பேசணும்" என்று கூப்பிட்டார்கள்.

"இந்தா வாரேன்" என்றார், எனக்கு நாற்காலி கொடுத்தவர்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வெயில்ல நிக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு மைக் பக்கம் போனார். மாப்பிள்ளையிடமே மாப்பிள்ளையை விசாரித்துவிட்டு வந்திருக்கிறோம்! ரயிலில் தம்பி சேரன்மகாதேவி வரைக்கும் சிரித்தான். "எனக்காவது பாயசம் கெடச்சிது" என்றான். பேசாமல் வா என்று ஒரு அதட்டு அதட்டினேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளினார். "பென்ஷனும் கெடையாது, பள்ளிக்கூடத்துக்கும் போவ மாட்டாரு. வேண்டாம், விட்ரு" என்றார். பிறகு அவருக்கும் ஒரு சந்தேகம். "உன்னைய அடையாளம் தெரிஞ்சு நல்லவன் மாதிரி நடிச்சிருந்தா?" என்றார். எனக்கும் அதே எண்ணம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குற்றாலத்துச் சாரலில் நின்றால் கூட, மேலே எவனாவது தண்ணீர் தெளிக்கிறானா என்று பார்க்கிற குடும்பம் எங்களுடையது.

மகள்தான் வாயைத் திறந்தாள். "நடிக்கவரு கோவம் வரும்னு சொல்லுவாராம்மா? போனவாட்டி எல்லாம் உண்டுன்னு சொன்ன ஆளப் பாத்தோம். இல்லாதத இல்லன்னு சொல்லுத ஆள இப்பதான் பாக்கோம். எனக்கு மட்டும் என்ன பென்ஷனா இருக்கு? நான் வேலைக்குப் போகலையா?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தனக்காக அவள் பேசியது அன்றைக்குத்தான். வீட்டுக்காரர் தள்ளிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்; மறுநாள் தரகருக்கு நான் போன் போட்டேன்.

ஸ்டிரைக் முடிந்த பிறகு பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தாடியை மழித்து, போட்டோவில் இருந்த மாதிரியே வந்தார். என்னைப் பார்த்ததும், "ட்யூஷன் சேத்தாச்சா?" என்று கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்து கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் அவர் தாய்மாமன் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி. எங்கேயோ பார்த்த முகம்.

"உங்க கடைத் துவரம்பருப்பு நல்லா வெந்துச்சு" என்றார் அவர் என்னைப் பார்த்து.

நாங்கள் அவர்களை விசாரிக்கப் போகும் முன்பே, அவர்கள் எங்களை விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! நான் ஸ்டிரைக்காரர்களைக் கிழித்துத் தோரணம் கட்டியதையெல்லாம் மனுஷன் "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். "வீட்ல போயி என்ன சொன்னீக?" என்று மெதுவாகக் கேட்டேன். "வாய் கொஞ்சம் நீளம், ஆனா நிறுவை சுத்தம்னேன்" என்றார். சபை முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால், அன்றைக்குப் பந்தலில் நான் யார் என்று தெரிந்துதான் பென்ஷன் இல்லை என்று சொன்னாரா? கல்யாணம் முடிந்து ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். "தெரிஞ்சா ஒண்ணு, தெரியாட்டா ஒண்ணு சொல்லுத ஆளா நான்? இன்னும் விசாரிச்சு முடியலையா அத்தை?" என்று சிரித்தார். இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பந்தல் போடும்போதெல்லாம் மருமகன் இப்போதும் போகிறார். எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது போனால் புளிச்சோறு கட்டிக் கொடுக்கிறேன். கட்டும்போதே முணுமுணுக்கவும் செய்கிறேன். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளையோடு நின்ற அந்த அம்மாவின் கோபம் பொய்யில்லை. அதை மருமகனிடமும் சொல்லியிருக்கிறேன். கடையில் பேச்சு நடந்துகொண்டேதான் இருக்கிறது. யாராவது என் பேச்சுக்கு அளவுக்கு மீறித் தலையாட்டினால், இவர் யார் வீட்டுத் தாய்மாமனோ என்று முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பருப்பை நிறுக்கிறேன். அவர்கள் கேட்பது முழுக்கச் சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் மகளைக் கொடுக்கும் முன் நான் கேட்ட முதல் கேள்வியைத்தான் அவர்களும் வெயிலில் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.