நாற்பது ஸ்லீப்பர் கட்டைகள்

ஓர்லின் ப்ரெக்கே முப்பத்தொரு வருஷம் தண்டவாளம் பராமரித்த மனிதர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஹெட்மார்க் என்கிற கோதுமை ஊரில் வந்து முடியும் இருபத்துமூன்று மைல் கிளைப்பாதை அது. பெரிய ரயில் கம்பெனிக்கு அவர் வருஷா வருஷம் அனுப்பிய அறிக்கைகளில் ஒரு பொய் கிடையாது. தண்டவாளத்துக்கு அடியில் எந்த ஸ்லீப்பர் கட்டை உளுத்தது, எந்த ஆணி கழன்றது, எல்லாம் இருக்கும். பழுது பார்ப்பார்கள் என்று நம்பி எழுதினார். கம்பெனி அவற்றை அடுக்கிக் கட்டி, பாதை லாயக்கில்லை என்பதற்குச் சாட்சியாகக் காட்டி, ரயிலை நிறுத்திவிட்டது.

எட்டு வருஷம் கழித்து விவசாயிகளின் கூட்டுறவு பாதையை வாங்கியது. அறுபத்தாறு வயது ஓர்லினைக் கூப்பிட்டு, இனி நீங்கள்தான் நம் தண்டவாள இலாகா என்றார்கள். இலாகா என்றால் அவரும், இரவல் வாங்கிய ஒரு மண்வாரி இயந்திரமும்.

அறுப்பு தொடங்கிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை பாதையைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறார். தானியக் கிடங்கை ஒட்டிய வளைவில் நாற்பது கட்டைகள் உளுத்துக் கிடந்தன. புதுக் கட்டை வர மூன்று வாரம். வளைவு தேறாவிட்டால் இந்த அறுப்புக்கு ரயில் இல்லை. கோதுமை வெட்டவெளியில் குவிந்து மழையில் முளைக்கும்.

நல்ல கட்டைகள் ஊரில் இல்லாமலில்லை. கம்பெனி பாதையோரம் அடுக்கிவிட்டுப் போன புதுக் கட்டைகள் எங்கே போயின என்று ஓர்லினுக்கு ஒன்றுவிடாமல் தெரியும். கூட்டுறவுத் தலைவர் வெர்ன் ஹாகன் வீட்டில், லாடம் எறிந்து விளையாடும் குழிக்குக் கரை. மற்ற வீடுகளில் பூப்பாத்திக்கு வரம்பு. 'நம் ரயிலை மீட்போம்' என்ற பலகைகளை ஊன்றியிருந்ததும் அந்தப் பாத்திகளில்தான்.

ஹெட்மார்க்கில் யாரும் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. அதுதான் சிக்கல். சனிக்கிழமை கிடங்கில் காலைக் காப்பியின்போது ஓர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கட்டைகளைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார்.

"செஞ்சிரலாம்ப்பா," என்றார் வெர்ன். "தாராளமா. அறுப்பு முடியட்டும்."

"அறுப்புக்குத்தானே ரயிலு, வெர்ன்."

"அதுவும் சரிதான்."

வெர்ன் சன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். காப்பிக்கு வந்திருந்த மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு மேகத்தைப் பார்த்தார்கள். அதற்குமேல் கேட்பது அந்த ஊரில் கைநீட்டி அடிப்பதற்குச் சமம்.

ஓர்லின் வீட்டுக்கு வந்து வாசல் பாத்தியருகே நின்றார். மனைவி லவோனின் பியோனிப் பூச்செடிகள். சுற்றிலும் எட்டுக் கட்டைகள். அடுக்கியவர் அவரேதான்.

"எட்டுக் கட்டைய வச்சு என்ன பண்ணுவ?" என்றாள் லவோன், அவர் வாயைத் திறக்குமுன்பே.

"ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் கொஞ்சநேரம் செடிகளைப் பார்த்தாள். "நாளைக்குத் தோண்டு. சர்ச்சுக்குப் போற நேரத்துல. ஊரே இந்த வழியாத்தான போகணும்."

கல்யாணமான முப்பத்தொன்பது வருஷத்தில் பனிப்புயலுக்குத் தவிர அவர்கள் சர்ச்சுக்குப் போகாமல் இருந்ததில்லை. மறுநாள் அவர்கள் வாசலில் கார்கள் ஒவ்வொன்றாக மெதுவாயின. ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரல் உயர்ந்தது. ஓர்லினும் கடப்பாரையிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். பியோனிகள் வேரோடு புல்லில் கிடந்தன. லவோன் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். போனவர்களுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

திங்கள் காலை வளைவருகே முப்பத்தைந்து கட்டைகள் கிடந்தன, ஈரமண்ணோடு. மூன்று பாதியாக அறுத்தவை, உதவாது. யார் போட்டதென்று யாருக்கும் தெரியவில்லை; கேட்கவும் இல்லை. மீதி முப்பத்திரண்டு, வீட்டில் எட்டு. நாலு நாள் இடுப்பொடியப் பாதையில் பதித்தார். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் கையெழுத்திட்டார்.

முதல் ரயில் வந்த அன்று வெர்ன் பேசினார். ஊரே ஒருமனதாகக் கொடுத்தது என்றார். அவர் வீட்டு லாடக் குழி அலுங்காமல் இருந்தது. இன்ஜின் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் வளைவில் ஏறியது. காலிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்துவர, லெவல் கிராசிங்கில் கோதுமை லாரிகள் வரிசைகட்டி நின்றன. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார். ஓர்லின் குனிந்து கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அசையவில்லை.

வெர்ன் பக்கத்தில் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு மெதுவாவாப்பா போகும்?"

"போகுதுல்ல," என்றார் ஓர்லின்.