உப்பில்லாத வீடு: சின்ன காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள்

காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்கவும் புடவை எடுக்கவும் போகிறவர்கள்தான் அதிகம். நான் முதன்முதலில் போனது ஒரு நோயாளியைத் தேடி. எழுபதுகளின் தொடக்கம், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எம்.டி. முடித்த கையோடு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வயிறு, குடல், ஈரல் நோய்களுக்கான சிறப்புப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். அப்படி ஒரு படிப்பு இருப்பதே அப்போது பலருக்குத் தெரியாது. "வயித்து வலிக்குத் தனியா ஒரு படிப்பா?" என்று என் மாமனாரே கேலி செய்வார். எனக்கோ தலைகால் புரியாத கர்வம்.

நோயாளியின் பெயர் எத்திராஜ். பட்டு நெசவாளி, வயது நாற்பத்திரண்டு. ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்திருந்தது. எங்கள் கையில் இருந்த வைத்தியம் இரண்டுதான்: நீர் பிரிவதற்கு மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு. வார்டில் இருந்தால் வயிறு வற்றும். வீட்டுக்குப் போய் வந்தால் மறுபடியும் வீங்கும். மூன்று முறை இப்படியே நடந்தது. உப்பு சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், "பெருமாள் சத்தியமா இல்ல சார்" என்பார். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தோம். உப்பு தாராளமாக இருந்தது.

வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "பொய் சொல்றவங்களுக்கு இங்க பெட் கிடையாது. உப்பை விட்டுட்டு வாங்க." அவர் கையோடு கொண்டுவரும் ஆஸ்பத்திரிச் சீட்டில் சிவப்பு மையால், ஆங்கிலத்தில், உப்பு தின்கிறார், பொய் சொல்கிறார் என்று எழுதினேன். அவர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். அப்புறம் ஏழு வாரம் வரவில்லை.

மனம் கேட்காமல் தேடிப்போனேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. என் ஆய்வேட்டின் நோயாளிகள் பட்டியலில் அவருடைய வரி பாதியில் நின்றிருந்தது. பேராசிரியர், "ஆள் என்ன ஆனான்னு தெரியாம எழுதாதே" என்று சொல்லிவிட்டார்.

பாரிமுனையில் காலை 6.10-க்குப் பஸ். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழி, 72 கிலோமீட்டர். டிக்கெட் இரண்டு ரூபாய் அறுபது காசு. வழியெல்லாம் தூறல். ஜன்னல் தட்டி சரியாக மூடாததால் இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். டீ பதினைந்து காசு, வெந்நீர் என்று சொல்லி விற்றிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். 8.35-க்குக் காஞ்சிபுரம். அங்கிருந்து சின்ன காஞ்சிபுரம் மூன்று கிலோமீட்டர், சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு முக்கால் ரூபாய்.

ரிக்‌ஷாக்காரரிடம் தெருவையும் பேரையும் சொன்னேன். அவர் மிதிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"வயிறு வீங்கிக்கினு இருந்தாரே, அந்த எத்திராஜா? அவரு போயி இருபது நாளு ஆவுது சார்."

இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆய்வேட்டுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டின் முன்னறையில் எத்திராஜின் தறியில் அவர் தம்பி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அண்ணன் தறியில் ஏற்றிய பாவு நூல் பாதியில் நிற்கக்கூடாதாம். எத்திராஜின் மனைவி ஆண்டாளம்மா, பெருமாள் கோயில் வாசலில் துளசி விற்றுவிட்டு அப்போதுதான் வந்தார். வார்டில் பார்த்திருந்ததால் என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"குந்துங்க சார்" என்றார். உள்ளே போய் அந்தச் சீட்டை எடுத்துவந்தார். "மருந்துக் கடைக்காரரு படிச்சு சொன்னாரு. அன்னிலருந்து, நான் பொய்யனாடி, நான் பொய்யனாடின்னு கேட்டுக்கினே இருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு எவ்ளோ கூப்ட்டேன். அப்படி எழுதுன எடத்துக்கு வரமாட்டேன்னுட்டாரு."

என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். உப்பு ஜாடி கவிழ்ந்து கிடந்தது, அடியில் தூசி. "ஒம்போது மாசமா நாங்களும் உப்பில்லாமதான் துன்றோம். அவரு எதுர்ல நாங்க மட்டும் எப்படி துன்றது? இப்பவும் அப்படியே பழகிப்போச்சு." அடுப்பில் இருந்த குழம்பைக் கரண்டியில் எடுத்துக் கொடுத்தார். வெறும் புளித்தண்ணீர்.

கிளம்பும்போது, "வெறும் வாயோட போவாதீங்க" என்று ஒரு இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். கோயில் இட்லி, ஒரு துண்டு. மிளகு, சீரகம், சுக்கு, நெய். வாயில் போட்டதும் நாக்கு நின்றது. நல்ல உப்பு.

"இது ஏதும்மா?"

"பெருமாள் பிரசாதம் சார். துளசி குடுத்தா மடப்பள்ளிலருந்து தெனம் குடுப்பாங்க, சில நாளு புளியோதரை கூட. அவருக்கு வேற எதுவும் எறங்காது, இதான் உசிரு. கடசி நாளு வரைக்கும் என் கையாலதான் ஊட்டுனேன்."

"சாப்பாட்டைப் பத்திக் கேட்டப்போ இதைச் சொல்லலையேம்மா?"

"இது பிரசாதம் சார்" என்றார், நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டது போல. "சாப்பாட்டுல சேருமா?"

சேராது. என் அம்மாவும் சேர்க்கமாட்டாள். அந்த மனிதர் சத்தியமாகத்தான் சொன்னார். நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டேன். அந்த உப்பு மட்டுமே அவரைக் கொன்றது என்று சொல்லமாட்டேன். ஈரல் அவ்வளவு கெட்டிருந்தது. ஆனால் பெட் கொடுத்திருந்தால் இன்னும் சில மாதமாவது இருந்திருப்பார். கொடுக்காதவன் நான். அதை நினைக்க வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆண்டாளம்மா சீட்டை நீட்டினார். "அதை அடிச்சிட்டு, அவரு பொய் சொல்லலன்னு எழுதிக் குடுங்க சார். தமிழ்ல எழுதுங்க, நானே படிப்பேன்."

அடித்தேன். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவர் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு தலைநிமிர்ந்து கேட்டார்: "அப்போ ஏன் சார் வயிறு வத்தல?"

தறிச் சத்தம் நின்றது. தம்பியும் பதிலுக்குக் காத்திருந்தார்.

11.40 பஸ்ஸில் திரும்பினேன். மழை விடவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: நான் சொன்ன கட்டணம் எதுவும் இன்று செல்லாது. கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஆவணியில் குடை அவசியம். அன்றைய என்னைப்போல் பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கு: என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காதீர்கள். விடிந்ததிலிருந்து வாய்க்குள் போனது என்ன என்று கேளுங்கள். பெருமாள் கொடுத்தது, சாமியார் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது எல்லாவற்றையும் கேளுங்கள்.

வயிறு ஏன் வற்றவில்லை என்று ஆண்டாளம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதில் இதுதான்: "சிலருக்கு என்ன பண்ணாலும் வத்தாதும்மா." அவர் தலையாட்டிவிட்டுச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த வீட்டில் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான்.