மிகுந்த கோபத்தோடு ஒரு சாட்சி

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் டீச்சரிடம் கற்றுக்கொண்டவர்கள். ஓட்டத் தெரியாத பெண்களில் பாதிப் பேர் டீச்சரிடம் கற்றுக்கொள்ள வந்து, முதல் நாளே அவள் குரலைக் கேட்டுவிட்டு, பஸ்ஸே போதும் என்று திரும்பியவர்கள்.

டிரைவிங் ஸ்கூலின் வெள்ளைக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக உட்கார்ந்திருந்தாள் அவள். நாளெல்லாம் பிரயாணம், ஆனால் மைதானத்தைத் தாண்டி, பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்புவதுதான் மொத்த உலகமும். எத்தனையோ பேரை ஊர் விட்டு ஊர் போக வைத்தவள், தான் எங்கேயும் போனதில்லை. போக வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கல்யாண விஷயத்திலும் அப்படித்தான். வேண்டாம் என்று சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. டீச்சர் அதைக் கொள்கையாக்கிவிட்டாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்த அத்தைக்கு வாசலிலேயே ஒரு பிரசங்கம். "எனக்கு எதுக்கு அத்தை இதெல்லாம்? சொந்தமா சம்பாதிக்கிறேன், சொந்தமா சாப்பிடறேன். இன்னொருத்தர் சட்டைக்கு நான் ஏன் பட்டன் தைக்கணும்?" குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குப் புருஷனோடு மனஸ்தாபம் வந்தாலும், "அவளைப் பாரு, நிம்மதியா இருக்கா" என்று டீச்சரைத்தான் கைகாட்டினார்கள்.

அப்பேர்ப்பட்டவள் நாற்பத்தாறாவது வயதில் கல்யாணம் செய்துகொண்டாள்.

அவர் வெளிநாட்டில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மனைவி இறந்து பல வருஷம் ஆனவர். லீவில் வந்திருந்தபோது, டீச்சரிடம் கார் கற்றுக்கொண்டிருந்த தன் தங்கைக்குத் துணையாகப் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே தங்கை காரை ஒரு காம்பவுண்டுச் சுவரை நோக்கி அன்போடு செலுத்தினாள். பின்சீட்டுக்காரர்கள் இந்த இடத்தில் வழக்கமாக அலறுவார்கள். அவர் அலறவில்லை. தன் காலடியில் இல்லாத பிரேக்கைப் பலமாக மிதித்தார். டீச்சர் இருக்கிற பிரேக்கை மிதித்தாள். கார் நின்றதும் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க மிதிச்சதாலதான் நின்னுதுன்னு நினைக்காதீங்க."

"தெரியும் டீச்சர். இருந்தாலும் மனசுக்கு ஒரு ஆறுதல்."

அவ்வளவுதான் காதல். அடுத்த லீவில் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து, ஆளுக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட். சாட்சிகள் அவருடைய தங்கை, தங்கையின் புருஷன், டிரைவிங் ஸ்கூல் முதலாளி. வாயில் எதுவும் தங்காத முதலாளி தன் வாழ்நாளில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது. வேலையை விட்டுவிடுவேன் என்று டீச்சர் மிரட்டியிருந்தாள்.

ரகசியம் எதற்கு? ஜாதகமோ, வசதியோ, எதிர்ப்போ எதுவும் இல்லை. வெட்கம்கூட இல்லை. தோற்றுப்போன முகத்தோடு அத்தை வீட்டு வாசலில் நிற்கப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். இருபது வருஷம் பேசிய பேச்சு கதவை அடைத்துக்கொண்டு நின்றது. மாடியில் அவள், கீழே அண்ணனும் அண்ணியும். ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. ஆனாலும் அண்ணனிடம் சொல்லவில்லை. கணவர் லீவில் வந்தால் "வெளியூர்ல டிரெய்னிங்" என்று பெட்டியோடு கிளம்புவாள். மற்ற நாட்களில் சாயங்காலம் காரை வாசலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதற்குள்ளேயே உட்கார்ந்து போனில் குடும்பம் நடத்தினாள்.

பிறகு அவர் தன் மனைவியை நிரந்தரமாக அங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் அவளுக்கும் ஒரு பகுதி. திருமணம் பற்றி உங்கள் குடும்பத்தில் யாருக்கெல்லாம் தெரியும் என்று ஒரு கேள்வி. டீச்சர் நேர்மையானவள். "யாருக்கும் தெரியாது" என்று எழுதினாள்.

உண்மை பேசினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அந்த நாட்டு அலுவலகத்திலிருந்து மிகவும் மரியாதையான ஒரு கடிதம் வந்தது. ஒரே வீட்டில் வசிக்கும் சகோதரருக்குக்கூடத் தெரியாத திருமணம், குடியேறுவதற்காகச் செய்யப்பட்டதாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம். குடும்பத்தினரின் வாக்குமூலங்களை இரண்டு மாதத்துக்குள் அனுப்பவும். இல்லையேல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று மறைத்த கல்யாணம். இப்போது அந்த நாலு பேர் சொன்னால்தான் கல்யாணம்.

"விட்டுடலாமா?" என்றார் அவர் போனில். "நான் வேலையை விட்டுட்டு அங்க வந்துடறேன்."

"வந்து? இங்க லிஃப்ட் வெச்ச கட்டடம் ரெண்டுதான் இருக்கு. ரெண்டும் ஓடறதில்லே. நீங்க இருங்க. நான் வரேன்னு சொன்னேன்ல, வரேன்."

விசா ஏஜென்ட் டை கட்டிய இளைஞர். கடிதத்தைப் படித்துவிட்டு, "இது ஒண்ணுமே இல்லே மேடம்" என்று அச்சடித்த மாதிரிக் கடிதங்களை நீட்டினார். இத்தம்பதியரின் அன்பை நாங்கள் ஆரம்பத்திலிருந்தே கண்டு மகிழ்ந்தோம் என்று அவை ஒரே குரலில் பாடின. "பேரை மாத்திக் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க."

"ஆரம்பத்துலேர்ந்து யாரு கண்டு மகிழ்ந்தாங்க? நான்தான் யாருக்கும் தெரியாதுன்னு எழுதியிருக்கேனே."

"அதான் மேடம் தப்பு. ஏன் உண்மையை எழுதினீங்க?"

டீச்சர் மாதிரிக் கடிதங்களை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

முதலில் அண்ணி. துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் டீச்சர் நின்றபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தாள். கிளட்சை ஒரேயடியாக விட்டதுபோல ஒரு குலுக்கலில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அண்ணி தலையணை உறையை உதறி, மூலைக்கு மூலை சேர்த்தாள்.

"தெரியும்."

"என்னது?"

"கண்ணாடியை ஏத்திவிட்டுக் கார்ல தனியா உக்காந்து சிரிக்கிறவளுக்கு ஒண்ணு பைத்தியம் பிடிச்சிருக்கணும், இல்லேன்னா புருஷன் இருக்கணும். பைத்தியம்னா வேலைக்கு ஒழுங்கா போகமாட்டே."

"ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கலே?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். டிரெய்னிங் போனவ டிரெய்னிங்லேர்ந்து வாசனைச் சோப்பு வாங்கிட்டு வந்தப்பகூட வாயைத் திறக்கலே. சரி, பெரிய கெட்டிக்காரின்னு நினைச்சிட்டிருக்கா, இருக்கட்டும்னு விட்டுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க அண்ணனுக்குத் தெரியாது. அவர் கார்ப் பக்கம் பாக்கவே மாட்டார்."

அண்ணி தான் பார்த்ததையும் பேசாமல் இருந்ததையும் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொடுத்தாள். சோப்பும் அதில் இடம்பெற்றது.

அத்தை வீட்டுக்கு டீச்சர் ஸ்கூல் காரிலேயே போனாள். அத்தை முழுக்கதையையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் வந்தது கோபம் அல்ல, இருபது வருஷ வட்டியோடு திரும்பி வந்த சந்தோஷம்.

"நான் கூட்டிட்டு வந்த ஒருத்தனுக்கு மூக்கு நீளம்னே. இன்னொருத்தன் சிரிச்சா சத்தமா சிரிக்கிறான்னே. பாங்க்ல இருந்தவனை, எண்ணி எண்ணிப் பேசறான்னே. இப்ப யாரு? லிஃப்ட் ரிப்பேரா? மேல போய் நின்னுடுமே, அதுவா?"

"ஆமா அத்தை."

"சட்டைக்குப் பட்டன் யாரு தைக்கிறா?"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள். "அவரே தைச்சுக்குவார் அத்தை."

"கேட்டியாடி!" என்று அத்தை சமையலறைப் பக்கம் திரும்பி மருமகளைக் கூப்பிட்டாள். "கொள்கை கல்யாணம் பண்ணிக்கிச்சாம்!"

எல்லாம் கேட்டுக்கொண்டாள் டீச்சர். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, பேப்பரையும் பேனாவையும் அத்தை பக்கம் நகர்த்தினாள். "இப்ப சொன்னீங்கல்ல, அதையே அப்படியே எழுதுங்க. மூக்கு, பாங்க்கு, பட்டன், எல்லாம்."

"திட்டறதையா?"

"திட்டறதைத்தான்."

அத்தைக்கு அப்படி ஒரு வாய்ப்பை அதுவரை எந்த அரசாங்கமும் கொடுத்ததில்லை. நாலு பக்கம் எழுதினாள்.

மிச்சம் அண்ணன். அதுதான் விஷயமே. அலுவலகம் பெயர் சொல்லாமல் குறிப்பிட்ட ஆள் அவர். அவர் வாக்குமூலம் இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் இல்லாததுபோலத்தான். அண்ணன் பத்திரம் எழுதுகிறவர். பத்து வயது மூத்தவர். கண்ணால் பார்க்காத எதற்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அதனால் பல வாடிக்கைக்காரர்களை இழந்ததும் பெருமையில் சேர்த்தி.

சொன்னபோது சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, பார்த்து, மறுபடி வைத்தார்.

"எப்ப?"

"போன வருஷம், மழைக்காலத்துல."

"யாரு சாட்சி?"

சொன்னாள். முதலாளி பெயர் வந்ததும், பக்கத்தில் நின்ற அண்ணி தனக்கும் தெரியும் என்றதும், அண்ணன் எழுந்துவிட்டார். "ஊர் பூரா வம்பு பேசற அந்த ஆளுக்குத் தெரியும். இதோ இவளுக்கும் தெரியும். கீழ் வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன், எனக்குத் தெரியாது. நான் பாக்காத கல்யாணத்துக்கு நான் என்னன்னு சாட்சி சொல்றது?"

அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. சொல்ல வேண்டியதை அண்ணி மூலம் சொன்னார். "மாடியில தண்ணி சொட்டுதுன்னு அவங்ககிட்ட சொல்லு." அவங்க என்கிற மரியாதைதான் டீச்சருக்கு அதிகமாக வலித்தது. அண்ணியிடமும் கோபம்தான், ஆனால் அவளிடம் பேசாவிட்டால் கோபத்தை எடுத்துச் செல்ல ஆள் கிடையாது என்பதால் பேசினார்.

அண்ணன் இல்லாமல் அனுப்பிவிடலாம் என்றார் ஏஜென்ட். டீச்சர் கேட்கவில்லை. தினமும் வேலை முடிந்து நேரே கீழ் வீட்டுக்குப் போய், அண்ணன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் பேப்பர் படித்தார். படித்து முடித்த பேப்பரை மறுபடி படித்தார். விளம்பரம்வரை படித்தார். அவள் எழுந்து போகவில்லை. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகியவளிடம் பேப்பரை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது.

ஒரு நாள் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் எழுதிக் குடுத்தா நீ போயிடுவே."

டீச்சர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். கோபத்துக்குப் பதில் தயாராக வைத்திருந்தாள்; இதற்கு வைத்திருக்கவில்லை.

"எழுதலேன்னாலும் போவேன் அண்ணா. மறுபடி விண்ணப்பம் போடுவேன், மறுபடி உக்காருவேன். லேட்டாகும், அவ்வளவுதான். ஆனா நீங்க எழுதிக் குடுத்துப் போறதுக்கும், எழுதாம போறதுக்கும் வித்தியாசம் இருக்கு. முன்னாடி சொல்லாதது தப்பு. அந்தத் தப்போட ஏர்போர்ட்டுக்குப் போக எனக்கு இஷ்டமில்லே."

அண்ணன் பேப்பரைக் கீழே வைத்தார். "அந்த ஆளைப் போன்ல கூப்பிடு."

போனில் முகம் தெரிந்தது. பின்னால் ஏதோ ஒரு இயந்திர அறை. லிஃப்ட்காரர் தலையில் தொப்பியோடு எழுந்து நின்றார்.

"வணக்கம் மச்சான்."

"மச்சானா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம். லிஃப்ட் பாதியில நின்னா உள்ள இருக்கிறவங்களுக்கு முதல்ல என்ன சொல்லுவீங்க?"

"பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுவேன். நிஜமாவே அங்க இருப்பேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தார். போனைத் தங்கையிடம் திருப்பிக்கொடுத்தார். அலமாரியிலிருந்து நல்ல காகிதமாக இரண்டு எடுத்தார்.

அவர் எழுதியது இப்படித் தொடங்கியது: "கீழே கையெழுத்திட்டுள்ள நான், சுயநினைவோடும், யாருடைய வற்புறுத்தலுமின்றியும், மிகுந்த கோபத்தோடும் எழுதிக்கொடுப்பது யாதெனில்..." தனக்குச் சொல்லாமல் நடந்த திருமணம் அது என்பதை அவர் எதையும் மறைக்காமல் பதிவுசெய்தார். என் தங்கைக்குப் பொய் சொல்ல வராது என்று இதுநாள்வரை பலரிடம் சொல்லியிருக்கிறேன், அதை இதன்மூலம் வாபஸ் பெறுகிறேன் என்றார். பிறகு கடைசிப் பத்தி:

"திருமணத்தை நான் பார்க்கவில்லை, ஆகவே அதற்கு நான் சாட்சியல்ல. என் தங்கையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதற்கு நான் சாட்சி. வேண்டாத ஒன்றை அவளைச் செய்யவைக்க இருபது வருஷம் எங்கள் குடும்பம் முழுவதும் சேர்ந்து முயன்று தோற்றது. உங்கள் நாட்டில் குடியேறும் ஆசை அந்த வேலையைச் செய்துவிடும் என்று நீங்கள் கருதினால், உங்களுக்கு அவளைத் தெரியாது. அவள் ஒருவரை மணந்திருக்கிறாள் என்றால், அவர் அவளுக்கு வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க வழியில்லை."

ஏஜென்ட் மூன்று வாக்குமூலங்களையும் படித்துவிட்டு டையைத் தளர்த்திக்கொண்டார். "மேடம், ஒருத்தர்கூட வாழ்த்தலியே! ஒருத்தங்க சோப்பைப் பத்தி எழுதியிருக்காங்க. மொழிபெயர்க்கும்போது மிகுந்த கோபத்தோடும்ங்கிறதை மிகுந்த அன்போடும்னு போட்டுக்கலாமா?"

"ஒரு எழுத்து மாத்தினாலும் கையெழுத்துப் போடமாட்டேன். அனுப்புங்க."

"ரிஜெக்ட் ஆனா என்னைச் சொல்லக் கூடாது."

"ரிஜெக்ட் ஆனா மறுபடி வருவேன். உங்க நாற்காலி நல்லாத்தான் இருக்கு."

சில வாரம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அண்ணன் கூடவே வந்தார். பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்றாலும், முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார், எல்லாம் தப்பான வழி. அதிகாரி, மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேதிகளையும் இடங்களையும் கேட்டுச் சரிபார்த்தார். கடைசியில் அண்ணனின் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"உங்கள் சகோதரருக்கு இன்னும் கோபமா?"

"ஆமா சார். வெளியிலதான் உக்காந்திருக்கார். சந்தேகமா இருந்தா கூப்பிட்டுக் கேட்டுக்கலாம்."

அதிகாரி கூப்பிடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்பது கதவின் கண்ணாடிச் சதுரத்தின் வழியே நன்றாகவே தெரிந்தது.

அனுமதி கிடைத்த செய்தி ஒரு பிற்பகலில் போனுக்கு வந்தது. பக்கத்தில் ஒரு பாங்க் மேனேஜர் அம்மாள் இரண்டு கூம்புகளுக்கு நடுவே காரைச் செருகப் போராடிக்கொண்டிருந்தார். வகுப்பு முடியும்வரை டீச்சர் போனைத் தொடவில்லை. தொட்ட பிறகு, மைதானத்திலிருந்து அவருக்குப் போன் செய்யவும் இல்லை. வீட்டுக்கு வந்து, கார்க் கண்ணாடியை இறக்கி, கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, கிடைச்சிடுச்சு."

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "எத்தனை பேருக்குச் சொன்னே?"

"இன்னும் யாருக்கும் சொல்லலே. அவருக்குக்கூட."

"இவகிட்ட?"

"அண்ணிக்கும் தெரியாது."

அண்ணன் உள்ளே திரும்பி, "ஏய், உனக்கு ஒரு விஷயம் தெரியுமா?" என்று சத்தமாகக் கேட்டார். அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.