பெருங்காய டப்பாவில் நாற்பத்திரண்டு மாத்திரை

செண்பகவல்லி சிஸ்டரின் கையெழுத்து இல்லாமல் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரும் விமானம் ஏறிவிட முடியாது. துணைவேந்தர் கையெழுத்தைக்கூட ஒரே நாளில் வாங்கிவிடலாம், சிஸ்டரிடம் இரண்டு நடையாவது நடந்தாக வேண்டும். திருவனந்தபுரத்தில், அந்த வளாகத்துச் சின்ன மருத்துவ நிலையத்தில், அவள் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். பிறந்தது நாஞ்சில் நாடு, வாழ்க்கைப்பட்டது இந்த ஊர்ச் சாலைக் கடைவீதியில். மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோபம் வந்தால் மட்டும் நாகர்கோவில் தமிழ் வந்துவிடும்.

அவள் மேஜையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். வெளிநாடு போகிறவர் மாணவரோ பேராசிரியரோ, மருந்துப் பையை அதில் கவிழ்த்து, ஒவ்வொன்றும் எதற்கென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு, அவசரத்துக்கென்று படிவத்தில் எழுதியிருக்கும் எண்ணை அங்கேயே கூப்பிட்டுப் பார்ப்பாள். ஒருமுறை ஒரு பேராசிரியரின் சட்டைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. மனிதர் தன்னுடைய இன்னொரு நம்பரையே எழுதியிருந்தார். "சாருக்கு அங்க மயக்கம் வந்தா சாரே வந்து போன் எடுப்பீங்களா?" என்று கேட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். துபாய் வழியாகப் போகவிருந்த ஒரு பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு, மசாலாப் பொடியில் கசகசா சேர்த்தீர்களா என்று விசாரித்தவளும் அவள்தான். அந்த ஊரில் கசகசா பிடிபட்டால் வம்பு என்பது பாவம் அந்த அம்மாவுக்குத் தெரியாது.

பிள்ளைகள் அவள் அறைக்கு கஸ்டம்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் அனுப்பிய ஒருவர்கூட இதுவரை மருந்துக்கு அலைந்து வழியில் நின்றதில்லை.

அந்தத் துண்டின் மேல்தான் ஒரு நாள் தாணுலிங்கம் தன் பையைக் கவிழ்த்தார். தாவரவியல் துறையில் உதவியாளர், ஐம்பத்தொரு வயது. கல்லாறு காட்டில் இருபது வருஷம் செடி சேகரித்தவர். இலையைக் கசக்கி முகர்ந்தே பெயர் சொல்லிவிடுவார். உகாண்டாவுக்கு மூன்று வாரம் ஆய்வுக்குப் போகிற டாக்டர் ரெம்யா, எத்தனையோ பேர் இருக்க, இவர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள். மனிதருக்கு இது முதல் விமானம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. வேறு நோய் உண்டா என்று நிலையத்து டாக்டர் பிஜு கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, மலேரியாவுக்கு வாரம் ஒன்று போடும் மாத்திரையும் எழுதி வாங்கியிருந்தார்.

துண்டில் விழுந்தவற்றில் ஒரு பெருங்காய டப்பாவும் இருந்தது. சிஸ்டர் திறந்தாள். பட்டையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரைகள், பெருங்காய வாசனையோடு.

"இது என்ன அண்ணாச்சி?"

"வாயு மாத்திரை சிஸ்டர். டப்பா இதுதான் கைக்குக் கிடைச்சுது."

அவள் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். பிறகு, வாசலில் நின்ற இரண்டு மாணவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வாயு மாத்திரைய யாரும் எண்ணி எடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. பத்து கிடந்தா பத்து, நாலு கிடந்தா நாலு. இதுல நாப்பத்திரண்டு இருக்கு. இருபத்தோரு நாளைக்குக் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு வேளகூட விடப்பிடாத மருந்தத்தான் இப்படி எண்ணுவாங்க. என்னதுன்னு சொல்லுங்க."

தாணுலிங்கம் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வலிப்பு," என்றார், மெல்ல. இருபத்திரண்டு வருஷமாக. கடைசியாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. மனைவிக்கும், தம்பானூரில் பார்க்கும் டாக்டருக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. மாத்திரையின் பெயர் வெளியே தெரியாதிருக்கத்தான் டப்பா. பெருங்காயத்தை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டர் கேட்டப்ப வாயத் தொறக்கலியே! அவரு எழுதுன மலேரியா மாத்திரை வலிப்பு உள்ளவங்க தொடப்பிடாதது, கேட்டேளா? நாளைக்கு மொதல் மாத்திரைய முழுங்கியிருந்தா என்னாயிருக்கும்?" என்றவள், அந்த மலேரியா மாத்திரைப் பட்டையை எடுத்துத் தன் இழுப்பறைக்குள் போட்டாள்.

"எழுதிராதீங்க சிஸ்டர்," என்று அவர் கைகூப்பிவிட்டார். "பைல் ஆபீஸ்ல ஸ்ரீகுமார் மேஜைக்குத்தானே போகும்? என் மகள் திவ்யலட்சுமியக் கேட்டிருக்க மாப்பிள்ளைக்கு அவருதான் தாய்மாமன். தகப்பனுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரும்னு சொல்லிருவாங்க. கல்யாணம் நின்னுரும். நான் போகவே இல்ல, விட்டிருங்க."

தகுதியில்லை என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால், போகாதே என்று எழுதுவதற்கு ஒரு நர்ஸ் எதற்கு, கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டால் போதுமே என்பது அவள் கட்சி.

"பைல்ல நோய் பேரே வராது. பயணத்துக்குத் தகுதின்னு ஒரே வரிதான் போகும். டாக்டர் கடிதம் ஒட்டின கவர்ல உங்க கையில இருக்கும். ஆனா கூட வாற ஒரு ஆளுக்காவது தெரிஞ்சாகணும். ரெம்யா மேடத்துக்கிட்ட நீங்களே சொல்லணும். அது இல்லாம நான் கையொப்பு போட மாட்டேன்."

அவர் பையை அள்ளிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் ஆளைக் காணோம். கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று சிஸ்டருக்கு உறுத்தியது. நாலாம் நாள் ரெம்யாவோடு வந்தார். அவள் கண் சிவந்திருந்தது. "இத்ர நாளும் என்னோடு பறஞ்ஞில்லல்லோ" என்று, இத்தனை நாளும் தன்னிடம் சொல்லாததற்கு அப்போதும் அவரைக் கடிந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் பிஜு மலேரியாவுக்கு வேறு மாத்திரை மாற்றி எழுதினார். வலிப்பு மருந்து பட்டையோடு, இரண்டு மடங்காக, இரண்டு பைகளில் போயிற்று. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்புச் சாவி கொடுக்கிற வேலை வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். ரெம்யாவை இதை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்த பிறகே சிஸ்டர் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வருகிறவர்களும் பையைக் கவிழ்த்தாக வேண்டும். ஊர் வந்த பிறகும் சில நாள் போட வேண்டிய மலேரியா மாத்திரையை வந்த அன்றே நிறுத்திவிடுகிற புத்திசாலிகள் நிறைய உண்டு. தாணுலிங்கம் ஊர் வந்த ஐந்தாம் நாள், திங்கட்கிழமை வந்தார். அறையில் ஏழெட்டு மாணவர்கள். போதாததற்கு, கோப்புக் கட்டோடு ஸ்ரீகுமாரும் நின்றுகொண்டிருந்தார். துண்டின் மேல் மருந்து விழுந்தது. சிஸ்டர் மலேரியா மாத்திரையை எண்ணினாள், சரியாக இருந்தது. மற்றதைப் பார்க்காதவள் போலப் பேனாவை எடுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

"இது எதுக்குன்னு கேக்கலியே சிஸ்டர்?" என்றார் தாணுலிங்கம்.

அவள் நிமிர்ந்தாள்.

"வலிப்புக்கு," என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. "அங்க ஒரு தடவ வந்துது. ரெண்டு நிமிஷம்தான். கண்ணு முழிக்கும்போது எல்லாரும் பயந்து நிக்கதத்தான் இதுவரை பாத்திருக்கேன். மேடம் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு, கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதுக்கு மேல எதுக்கு மறைக்கணும் சிஸ்டர்?"

சிஸ்டர் பயந்துபோய் ஸ்ரீகுமாரைப் பார்த்தாள். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அண்ணாச்சி நேத்தே வீட்டுக்கு வந்து சொல்லியாச்சு. அக்காவும் அத்தானும் எங்க டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு, கல்யாணத்துக்குத் தடை ஒண்ணும் இல்லன்னுட்டாரு. ஆவணி பதினெட்டு முகூர்த்தம், சிஸ்டர் லீவு போட்டு வையுங்க."

செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அந்த டப்பா எங்க அண்ணாச்சி?" என்றாள்.

"அடுக்களையில இருக்கு," என்றார் அவர். "இப்ப அதுல பெருங்காயம்தான்."