கொலைகாரன் வராத படம்

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் எங்கள் மேஸ்திரியை யாரோ குத்திப் போட்டது ஒரு சாயங்காலம். மறுநாள் விடிந்ததும் போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போனது. காரணம் இல்லாமல் இல்லை. என்னை வேலையிலிருந்து விரட்டியவன் அவன். "உன் குடலை உருவறேன்டா" என்று பத்துப் பேர் நடுவே நான் கத்தியிருந்தேன். அவன் செத்ததில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் குத்தியது நான் இல்லை.

"அந்த நேரம் டோல்கேட் டென்ட் கொட்டாய்ல படம் பாத்துகினு இருந்தேன் சார்," என்றேன்.

கொலை நடந்த அன்றுதான் வந்த படம், சாயங்கால ஆட்டம் ஒன்றுதான். எவனோ கப்பல்காரனிடம் வாங்கிய ஸ்பானிஷ் படத்தை, இங்கிலீஷ் படம் என்று விளம்பரத் தட்டி வைத்து ஓட்டினான் கொட்டாய் முதலாளி. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு பெண்ணைக் கொன்றுவிடுகிறார்கள். தொப்பி போட்ட போலீஸ்காரன் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறான். அவ்வளவு புரிந்தது.

"படத்துல கொன்னது யாருடா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெர்ல சார். போலீஸ்காரன் மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்னான். கதவு தொறக்கல. அத்தோட லைட்டு போட்டுட்டாங்கோ."

"கொலைகாரனைக் காட்டாம எவன்டா படத்தை முடிப்பான்? பாதியில எழுந்து போயிருக்கே." விட்டார் ஒரு அறை. கடைவாய்ப் பல் ஒன்று அன்றோடு போயிற்று.

முதலாளியை வரவழைத்தார்கள். அந்தப் பாவி என் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஃபுல்லா ஓட்டினேன் சார். கொலைகாரனுக்கு விலங்கு மாட்டினப்போ ஜனங்க விசில் அடிச்சாங்கோ."

இந்தப் புளுகு ஒன்று போதும், என்னைத் தூக்கில் ஏற்ற.

"இப்பவே ஓட்டச் சொல்லுங்க சார். நான் சொன்ன எடத்துல படம் நிக்கலேன்னா என்னை இன்னா வேணா பண்ணுங்க."

மத்தியானமே, வெளிச்சம் வராமல் கொட்டாயைச் சுற்றிக் கித்தான் கட்டி ஓட்டவைத்தார் இன்ஸ்பெக்டர். விலங்கோடு மணலில் உட்கார்ந்தேன். மாடிப்படி வந்தது, கதவு வந்தது, தட்டினான். திரை வெளுத்துப் போயிற்று.

"கொலைகாரன் எங்கய்யா?"

"கடைசி ரீல் டப்பா வர்ல சார்," என்று முதலாளி தலையைச் சொறிந்தான். "சொன்னா, காசு குடுத்தவனுங்கோ கொட்டாயைக் கொளுத்திடுவானுங்கோன்னுதான்..."

கொட்டாய்க்குப் பயந்தவன் என் கழுத்துக்குப் பயப்படவில்லை. விலங்கைக் கழற்றியதும் என் தோளில் கை போட்டான். "கோச்சுக்காத நைனா. சாயங்காலம் ஓசில வந்து பாரு."

அவன் காலடியில் துப்பிவிட்டு வந்தேன். நான் தூக்கில் தொங்கியிருந்தாலும் அந்தக் கடங்காரன் அன்று சாயங்காலம் அதே படத்தைத்தான் ஓட்டியிருப்பான். ஓட்டவும் ஓட்டினான். மணலில் கால் வைக்க இடமில்லையாம்.