துணைவேந்தருக்கு வந்த மாலை

என் வீட்டுக்காரர் நானூறு வருஷத்துப் பழைய இங்கிலீஷ் நாடகங்களைப் பாடம் நடத்தின பேராசிரியர். நான் மூணாங்கிளாஸ்தான், ஆனால் அவர் துறைத்தலைவர் ஆனது என் கைச்சோறு தின்றுதான். தொண்ணூறுகளில் ஒருநாள், அடுத்த துணைவேந்தர் அவர்தான் என்று சொல்லி, விஜயநகர் பகுதியில் எங்கள் வீட்டுக் கூடம் நிறைய ஆள் வந்து உட்கார்ந்தார்கள். ரோஜா மாலையும் ஜரிகைத் தலைப்பாகையும் மேஜைமேல் இருந்தன. நாற்பது பேருக்குக் கேசரிபாத் கிளறியிருந்தேன்.

போன் வந்தது. பதவி நாலு தெரு தள்ளி இருந்த கெமிஸ்ட்ரி பேராசிரியருக்குப் போய்விட்டதாம்.

இவரிடம் ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணின மாணவிதான் முதலில் எழுந்தாள். “தப்பா நெனைக்காதீங்க சார், மாலை வாடிடும்,” என்று எடுத்துக்கொண்டாள். தலைப்பாகையை இன்னொருத்தர் எடுத்தார்.

இவரும் செருப்பை மாட்டினார்.

“நீங்க எங்கே?”

“டீன் பதவியாவது கிடைக்கணுமே. கேசரிபாத்தைத் தூக்குச்சட்டியில போடு.”

“நான் கிளறினது இந்த வாசலைத் தாண்டாது,” என்றேன்.

“படிக்காதவ புத்தி,” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மாணவி கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு, முதல் ஆளாக இவர்தான் தெருவில் இறங்கினார்.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.